சேப்பாக்கத்துக்கு வராத ஆட்டம்

அன்புள்ள மகளுக்கு,

அயர்லாந்து அணிக்காகக் கோடையில் கிரிக்கெட்டும் குளிர்காலத்தில் ரக்பியும் ஆடிக்கொண்டிருந்தவள், இனி ரக்பி மட்டும்தான் என்று நேற்று போனில் சொன்னாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். நல்ல முடிவுதான்.

ஜனவரியில் உங்கள் கிரிக்கெட் அணி சேப்பாக்கத்தில் ஆட வருகிறது என்று மேற்கு மாம்பலத்தில் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தேன். அதற்காக நீ வருத்தப்படாதே. ஆட்டம் இல்லாமல் இவ்வளவு தூரம் வர உனக்கு நேரம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை நந்தனத்தில் பெண்கள் ரக்பி பழகும் மைதானத்துக்குப் போனேன். நீ ஆடுவது என்னவென்று எனக்கும் தெரிய வேண்டாமா? ஒருத்தியை இரண்டு பேர் சேர்ந்து கீழே தள்ளியதும் கத்திவிட்டேன். அவள் மண்ணைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“இன்னா ஆன்ட்டி, பயந்துட்டியா? ஒண்ணியும் ஆவல.”

“என் பொண்ணு அயர்லாந்து டீம்ல இதைத்தான் ஆடறா” என்றேன். அவள் மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

“அந்த டீமெல்லாம் இங்க ஆட வருமாம்மா?” என்று அவளிடம் கேட்டேன்.

“இங்கயா? நம்மகூட ஆட யாரு ஆன்ட்டி வருவா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உன் அறைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் பாதிச் சுவர் முடித்திருக்கிறார். “பொண்ணு வரலன்னா நிறுத்திடட்டுமாம்மா?” என்று கேட்டார். முழுவதும் அடித்துவிடுங்கள் என்றேன்.

கீழே விழும்போது தோளைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா