என்னைத் தவிர எல்லாவற்றையும் ஏற்றிய வண்டி

மே 4

நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், நத்தை வீட்டை முதுகுலயே வச்சிருக்கே. ஊருக்குக் கிளம்பும்போது அது என்னத்தை எடுத்து வைக்கும்?"

"ஒண்ணும் எடுத்து வைக்காது. அதனாலதான் அது கிளம்பிடுது" என்றேன். நல்ல பதில் என்று அன்று நினைத்தேன்.

இன்று வாசலில் நிற்கும் பிக்கப் வண்டியையும், அதன் முதுகில் ஏற்றி வைத்திருக்கும் கேம்பரையும் பார்க்கிறேன். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. முழு வீடுதான். என் கணவன் ஆரின் மூன்றாவது வசந்தமாக அதில் எதையாவது எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறான். வண்டி இன்னும் மொன்டானாவில் எங்கள் ஊரான லூயிஸ்டவுனைத் தாண்டவில்லை.

இன்று புதிதாக வந்தது இரண்டாவது ஜெனரேட்டர். முதலாவது பழுதானால் உதவுமாம்.

மே 9

அலாஸ்காவிலிருந்து என் அக்கா பெரிட் போன் செய்தாள்.

"வீடு வித்தாச்சு வெர்னா. ஜூன் கடைசி வரைக்கும்தான் சாவி என்கிட்ட. அப்புறம் முதியோர் இல்லத்துல ஒரு ரூம், ஒரு ஜன்னல். அந்த ஜன்னலும் கார் நிறுத்துற பக்கம்."

ஹெய்ன்ஸில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்த வீட்டை நான் புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அவள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ரெண்டு வருஷமா ரெடியாயிட்டிருக்கோம் ரெடியாயிட்டிருக்கோம்னே சொல்றீங்க. இந்தத் தடவை ரெடியாகாமலே வந்து சேருங்களேன்டி."

ஆரினிடம் சொன்னேன். "தாராளமா போலாம். கூரையில சோலார் தகடு மட்டும் மாட்டிட்டா..." என்றான்.

பரீட்சை முடியும் மணி அடிக்கும் வரை பென்சில் சீவிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் எனக்கு இருந்தான். பென்சில் முனை அற்புதமாக இருக்கும். விடைத்தாள் வெள்ளையாக இருக்கும்.

மே 16

ஒத்திகை. நெடும்பயணத்துக்கு முன்னால் சொந்த வாசலிலேயே கேம்பரில் ஒருநாள் தங்கிப் பார்ப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். வீட்டுக்குள் போகக் கூடாது என்பது விதி. விதியைப் போட்டவன் ஆரின். காபிக்கு, கண்ணாடிக்கு, கழிப்பறைக்கு என்று விதியை மீறியவனும் அவனே. கேம்பரின் கழிப்பறையில் அவனுடைய மீன்பிடிச் சாமான்கள் குடியிருக்கின்றன.

காலையில் எதிர்வீட்டு லைல் கையில் கோப்பையோடு வந்து கதவைத் தட்டினான். என்னிடம் படித்தவன். இப்போது ஊர் தானியக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறான்.

"டீச்சர், இந்த கேம்ப் கிரவுண்டுல இடம் காலியிருக்கா? நாய் கூட்டிட்டு வரலாமா?"

நான் சிரித்தேன். ஆரின் சிரிக்கவில்லை.

மே 17

ஒத்திகையில் பயன்பட்டவை: ஒரு வாணலி, இரண்டு கரண்டி, இரண்டு பல் துலக்கி. அதிலிருந்து ஆரின் கற்றுக்கொண்ட பாடம்: இன்னொரு வாணலி வேண்டும்.

மே 24

எடை பார்க்கும் நாள். இந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் தானியக் கிடங்கின் எடைமேடைக்குத்தான் கேம்பரைக் கொண்டுபோக வேண்டும். கோதுமை லாரி நிற்கிற இடத்தில் நாங்கள் போய் நின்றோம்.

"கோதுமையா, பார்லியா?" என்று லைல் ஜன்னலிலிருந்து கத்தினான்.

"நீ கொஞ்சம் இறங்கிக்கோ வெர்னா. அளவு துல்லியமா வரட்டும்" என்றான் ஆரின்.

இறங்கினேன். சிந்திய தானியத்தைக் கொத்தும் குருவிகளோடு நின்றேன். வண்டி தாங்கக்கூடிய எடைக்குள் கொஞ்சம் இடம் விட்டே வந்தது. ஆரினுக்கு மார்பு விரிந்தது.

"டீச்சர் அலாஸ்காவுக்கு வரலியா?" என்றான் லைல்.

"வர்றாளே. ஏன் கேக்கறே?"

"இல்ல, அவங்க இந்தக் குருவிங்க கூடயே பறந்து வர்றாங்களோன்னு பார்த்தேன்."

எடை இயந்திரத்தில் ஏறி நின்று ஒரு கையால் மேசையை அழுத்திக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்வதைப் போல ஆரினுக்கும் சொன்னேன்: தண்ணீர்த் தொட்டி காலி, எரிவாயு உருளை காலி, உட்காருகிறவள் கீழே நிற்கிறாள். மூன்றையும் சரிசெய்து மறுபடி ஏற்று. லைலின் குழாயில் தொட்டியை நிரப்பினோம். புது உருளை வைத்தோம். நானும் ஏறி உட்கார்ந்தேன்.

அளவைத் தாண்டிவிட்டது. எவ்வளவு? கிட்டத்தட்ட ஒரு வெர்னா.

"கோதுமையா இருந்தா கொஞ்சம் கொட்டிட்டுப் போலாம் டீச்சர்" என்றான் லைல்.

மே 26

எதைக் கொட்டுவது என்று ஆரின் முடிவு செய்துவிட்டான். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "யோசிச்சுப் பார்த்தேன். நீ ப்ளேன்ல போயிடேன். வண்டியை நான் கொண்டாந்துடறேன். உனக்கும் முதுகு வலி, அவ்வளவு தூரம் எப்படி உக்காருவே?"

என் முதுகு! திடீர்னு என் முதுகு மேல எவ்வளவு கரிசனம். ரெண்டு ஜெனரேட்டர் வரலாம். மூணு கோடாரி வரலாம். ரம்பம் வரலாம், அதுக்கொரு தம்பி ரம்பம் வரலாம். இத்தனை வருஷம் கூட இருந்தவ மட்டும் ஆகாயத்துல வரணும். அது யாரோட அக்கா? யாரை வரச் சொன்னா?

எழுதி முடித்தும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டாம்.

மே 27

காலையில் பொறுமையாகச் சொன்னேன். "சரி ஆரின். ஒரு ஆள் இறங்கினா போதும்னா கனமான ஆள் இறங்கட்டும். கணக்கு அப்படித்தானே?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதை வெண்ணெய் தடவி முடித்த பிறகுதான் கவனித்தான்.

"இதை நீ ஓட்டுவியா?"

"நீ ஓட்டறதைப் பார்த்துட்டுத்தானே இருக்கேன். வாசல்லேருந்து தானியக் கிடங்குக்கு, அங்கேருந்து வாசலுக்கு."

எழுந்து போய், ஏற்கெனவே முறுக்கிய திருகாணிகளையெல்லாம் மறுபடி முறுக்கினான்.

ஜூன் 3

டயர் மாற்றுவதற்காக இறக்கி வைத்த கேம்பரை இன்று மறுபடி ஏற்றினோம். நாலு இரும்புக் கால்களில் கேம்பர் உயர்ந்து நிற்கும். அதன் வயிற்றுக்குக் கீழே பிக்கப்பைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கைகாட்டுவாள், இருவரும் கத்திக்கொள்வார்கள், அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலியோடு வருவார்கள். இந்த நாட்டில் தம்பதிகள் தங்களைப் பற்றிய உண்மைகளைச் சொல்லிக்கொள்வதே இந்தச் சமயத்தில்தான்.

இன்று நான் ஓட்டினேன். ஆரின் கைகாட்டினான். கோழி விரட்டுவதைப் போல.

"இடது! இடது! என் இடது இல்ல, உன் இடது!"

கண்ணாடியை மட்டும் பார்த்தேன். முதல் முறை ஒரு காலை உரசிவிட்டது. இரண்டாம் முறை நேராகப் போய் உட்கார்ந்தது. லைல் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினான்.

ஆரின் சங்கிலிகளை மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அலாஸ்காவுல ஜூனோ வரைக்கும் ப்ளேன் டிக்கெட் போட்டுடறேன். அங்கேருந்து கப்பல்ல ஹெய்ன்ஸ் வந்துடறேன்."

ஒரு ஜெனரேட்டரை இறக்காமல் மனுஷன் தன்னையே இறக்கிக்கொண்டான்!

ஜூன் 9

நாளை காலை கிளம்புகிறேன். கேலி செய்யத் தோன்றவில்லை. மாலையில் ஆரின் வண்டிப் படியில் உட்கார்ந்து, தானாகவே பேசினான்.

"முப்பது வருஷம் ரோட்டுல பனி தள்ளுற வண்டி ஓட்டியிருக்கேன். மாவட்ட எல்லையில ஒரு போர்டு இருக்கும், அங்கதான் திருப்புவேன். அதுக்கு இந்தப் பக்கம் எந்த வளைவுல சறுக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது வெர்னா. ஏதாவது ஆச்சுன்னா கையில ஒரு சாமானாவது இருக்கணும்ல?"

மூன்று வசந்தமாக இதைச் சொல்லாமல் கோடாரி வாங்கிக்கொண்டிருந்தானா?

"அப்ப கூட வா" என்றேன்.

"எடை?" என்றான்.

இந்த மனுஷனை என்ன செய்வது!

ஜூன் 10

எல்லையில் கனடா அதிகாரி கேட்டாள்: "கனடாவுல எதையாவது விட்டுட்டுப் போறதா இருக்கீங்களாம்மா?"

"இல்ல. விடவேண்டியதை மொன்டானாவுலயே விட்டுட்டு வந்துட்டேன்."

அப்போது உண்மையைத்தான் சொன்னேன்.

ஜூன் 12

கனடாவில் ரெட் டீர் என்ற ஊர்ப் பக்கம். பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த இளம் தம்பதியின் குளிர்பெட்டி நின்றுபோயிருந்தது. ஒரு ஜெனரேட்டரைக் கொடுத்தேன்.

"எப்பத் திருப்பித் தரணும்?" என்றான் பையன்.

"தரவே கூடாது" என்றேன்.

கொடுத்துப் பார்த்த பிறகு கை நிற்கவில்லை. விறகு பிளந்துகொண்டிருந்த கிழவருக்கு இரண்டு கோடாரி. முகாம் பொறுப்பாளருக்கு ரம்பமும் தம்பி ரம்பமும். சாலையோரத் தேவாலயத்தின் சமையலறைக்கு வாணலிகள், இன்னொரு ஜெனரேட்டர். அங்கிருந்த அம்மாள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். திருட்டுச் சாமான் என்று நினைத்திருப்பாள்.

ஜூன் 13

கேம்பரில் இப்போது திரும்பிப் படுக்க முடிகிறது. வலது பக்கம் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்ல ஆளில்லை. நிம்மதி.

— நிம்மதிதானா?

ஜூன் 15

டாசன் கிரீக். இங்கேயும் தானியக் கிடங்கு, இங்கேயும் குருவிகள். தொட்டி நிறையத் தண்ணீரோடு, நானும் உள்ளே இருந்தபடி எடை பார்த்தேன். ஆரினைக் கூப்பிட்டேன்.

"உன் எடைக்கு இடம் இருக்கு. டிக்கெட்டை மாத்தி, இங்க பக்கத்து ஊர் ஃபோர்ட் செயின்ட் ஜானுக்கு வா."

"எந்த ஜெனரேட்டரைக் குடுத்தே?" என்றான்.

"ரெண்டையும்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ரெண்டு பேர் இருப்போம்."

ஜூன் 18

வந்தான். ஒரே ஒரு பை. வண்டியைச் சுற்றிவந்து, காலியான அலமாரிகளைத் திறந்து திறந்து மூடினான். பிறகு வலது பக்கம் ஏறி உட்கார்ந்தான். முதல் வளைவிலேயே "மெதுவா" என்றான்.

ஜூன் 24

ஹெய்ன்ஸ். பெரிட்டின் வீடு புகைப்படத்தில் இருப்பதைவிடச் சின்னது. கடல் பெரியது. மூன்று பேரும் மரத்தளத்தில் உட்கார்ந்து பொரித்த ஹாலிபட் மீன் சாப்பிட்டோம். வீட்டைக் காலி செய்கிற பெரிட்டுக்கு எதைப் பார்த்தாலும் யார் தலையிலாவது கட்டத் தோன்றுகிறது.

"ஆரின், இந்தத் தையல் மெஷினை எடுத்துட்டுப் போ. இரும்பு, நல்ல கனம். இப்பல்லாம் இப்படி யார் செய்றாங்க?"

ஆரின் அதைத் தடவிப் பார்த்தான். ஒரு சக்கரத்தைச் சுற்றினான். கை நமநமத்ததை நான் பார்த்தேன்.

"வேணாம் பெரிட். இடம் இல்ல. வெர்னா உக்காரணும்" என்றான்.

இந்தக் குறிப்பு யார் கையில் கிடைத்தாலும் ஒன்று செய்து பாருங்கள்: நெடும்பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்யும்போது, வருகிறவர்களை முதலில் ஏற்றி உட்காரவைத்து எடை பாருங்கள், சாமான்களைப் பிறகு ஏற்றுங்கள்.