முனீஸ்வரி இடத்துக் காற்று

சமயநல்லூர்
9.3.2025, ஞாயிறு

அன்புள்ள மாப்ளைக்கு, அத்தை மாயக்காள் எழுதுவது.

நான் இருக்கிறேன். நீங்கள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. போன் போட்டால் "சாப்பிட்டீகளா அத்தை" என்கிறீர்கள். "சாப்பிட்டேன் மாப்ள" என்கிறேன். அப்புறம் ரெண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறோம். அதனால்தான் தாளில் எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அஞ்சாப்பு படித்த கை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் முனீஸ்வரியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நைட்டி தைத்த ஷெட் உங்களுக்குத் தெரியும். வெளியே பெரிய கூலர். அதிலிருந்து ஒரு தகரக் குழாய் கூரைக்குக் கீழே நெடுக வரும். ஒவ்வொரு மெஷினுக்கு மேலேயும் காற்று இறங்க ஒரு சல்லடை. வெயில் ஏறிவிட்டதால் இந்த வாரம் கூலரைப் போட்டார்கள். அவள் காய்ச்சலில் நம்மை விட்டுப் போனதிலிருந்து அந்த மெஷின் சும்மாதான் கிடக்கிறது. ஆளில்லாத இடத்துக்கு எதற்குக் காற்று என்று சூப்பர்வைசர் ஹரிஷ்குமார் அவள் சல்லடையை அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. "உங்களுக்குத்தான் காத்து கூட வரும்க்கா" என்றார்.

வந்தது மாப்ள. இத்தனை வருசம் கடைசி மெஷினில் வேர்த்து ஊற்றும். இப்போது முடி பறக்கிறது. அவள் பங்குக் காற்று என் தலையில் அடிக்கிறது. அதை எப்படித் தாங்குவது?

அதோடு விட்டதா? அந்த அட்டைப் பக்கமிருந்து விசில் சத்தம் வருகிறது. தைத்துக்கொண்டே அவள் அடிப்பாளே, அதே மாதிரி மெல்லிசாக. "ஏடி, நீ பொம்பளப் பிள்ளையா, லாரி கிளீனரா?" என்று அவளை ஏசிக்கொண்டே இருப்பாளே அன்னக்கொடி, அவள்தான் முதலில் கேட்டாள். "யாத்தே, முனீசு வந்துட்டாடீ!" என்று போட்டது போட்டபடி ஓடினாள். மறுநாள் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை.

முதலாளி வருகிற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி எழுமலைப் பக்கத்திலிருந்து கோடாங்கியை வரச்சொல்லிவிட்டார். உடுக்கடித்துப் பேயைப் பிடித்து, புளிய மரத்தில் ஆணி அடித்து இறக்குவார்களாம். நான் பெற்ற பிள்ளையை மாப்ள. பசிக்கிறது என்று வந்த நாய்க்குத் தன் டிபன் பாக்ஸைக் கவிழ்த்த பிள்ளையை.

நீங்கள் மஸ்கட்டில் இந்தத் தகரக் குழாய் மாட்டுகிற வேலைதானே பார்க்கிறீர்கள். அது அவளா, காற்றா? அவள் என்றால் எனக்குப் பயமில்லை. காற்று என்றால் ஊருக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் அத்தை
மாயக்காள்


மஸ்கட்
11.3.2025

அன்புள்ள அத்தைக்கு, காசிமாயன் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

உங்கள் தாளை சைட்டில் ஏணி மேல் உட்கார்ந்து படித்தேன். கீழே ஃபோர்மேன் கத்திக்கொண்டிருந்தான், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது காற்றுதான் அத்தை.

நம்ம ஊர் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமடைக்காரன் முதலில் பாய்ச்சுவான். தண்ணீர் கரையில் உரசி உரசி வேகம் குறைந்து கடைமடைக்குக் கொஞ்சம்தான் வரும். காற்றும் அப்படித்தான். தகரத்தில் உரசி, திருப்பத்துக்குத் திருப்பம் முட்டி, அலுத்துப்போய்க் கடைசிக்கு வரும். அதனால்தான் உங்களுக்கு இத்தனை வருசமும் வேர்த்தது.

இப்போது உங்களுக்கு முந்தின மடையை அடைத்துவிட்டார்கள். வருகிற தண்ணீர் குறையவில்லை என்றால் என்ன ஆகும்? வாய்க்காலில் மட்டம் ஏறும். குழாய்க்குள் காற்று நெருக்கி நாலு பக்கமும் தள்ளும். அதை ஸ்டாட்டிக் பிரஷர் என்பார்கள். சைக்கிள் டியூபைக் காற்று உள்ளே இருந்து தள்ளுகிறதே, அந்த மாதிரி. மட்டம் ஏறிய வாய்க்கால் கரையில் எலி வளை இருந்தால் அதன் வழியாகப் பீய்ச்சி அடிக்கும் இல்லையா? அந்த அட்டையில் எங்கேயாவது டேப் விட்டிருக்கும். அந்தச் சந்துதான் விசில் அடிக்கிறது.

ஒன்று கேட்கிறேன். முன்னால் உட்காருகிறவர்கள் காற்று அதிகம் என்று சல்லடையில் துணியைத் திணித்திருக்கிறார்களா? அப்படியென்றால் அதுவும் சேர்ந்துதான். துணியை எடுக்கச் சொல்லுங்கள். சல்லடைக்குப் பின்னால் ஒரு தகடு இருக்கும். அதைப் பாதி திருப்பி வைத்தால் போதும், அடைக்கக் கூடாது. கூலர் வேகத்தையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், கூலர் ஓடும்போதே எல்லோரும் பார்க்க அந்த அட்டையை எடுங்கள். சத்தம் நின்றுவிடும். பேய் என்றவர்கள் வாயும் நின்றுவிடும்.

இங்கே இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஊருக்கு வந்து மட்டும் என்ன செய்யப்போகிறேன். மாத்திரையை மறக்காமல் சாப்பிடுங்கள்.

காசிமாயன்


சமயநல்லூர்
13.3.2025

அன்புள்ள மாப்ளைக்கு,

உங்கள் வாய்க்கால் கணக்கு நன்றாகப் புரிந்தது. முன் வரிசைக்காரிகள் வெட்டுத்துணியைத் திணித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நூலும் பிசிறும் பறந்து கண்ணில் விழுகிறதாம். அங்கே இருந்துகொண்டு எப்படி மாப்ள கண்டுபிடித்தீர்கள்?

ஆனால் ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் அவள் பேர் ஒரு இடத்தில்கூட இல்லை. கருமாதி முடிந்த மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள், அன்றும் சொல்லவில்லை. இப்போது ரெண்டு வருசம் என்கிறீர்கள்.

அட்டையை நான் இன்னும் எடுக்கவில்லை.

காலையில் எல்லோருக்கும் முந்திப் போகிறேன். வாட்ச்மேன் கூலரைப் போட்டுவிடுவார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். காற்று என்று நீங்கள் சொன்ன பிறகும்தான் போகிறேன். சந்து என்று தெரிகிறது, டேப் விட்டிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் காது ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

எடுக்காவிட்டால் என் பிள்ளைக்கு ஆணி அடிப்பார்கள். எடுத்துவிட்டால் சத்தம் நின்றுபோகும் என்கிறீர்கள். மற்றவர்களுக்குப் பேய் போய்விடும். எனக்கு? என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.

அத்தை


மஸ்கட்
14.3.2025, வெள்ளி, லீவு நாள்

அத்தை,

முனீஸ்வரி. முனீஸ்வரி. எழுதிவிட்டேன்.

நாலு மாசமாக நான் அந்தப் பேரைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஒன்றும் சரியாகவில்லை. ரூமில் கூட இருக்கிற பையன்கள் மேல் உப்பு கூட, உறைப்பு கூட என்று எரிந்து விழுகிறேன். நேற்று ஒருத்தன் செருப்பு வழியில் கிடந்ததற்கு அவனை அடிக்கப் போய்விட்டேன். "என்ன மாப்ள ஆச்சு உனக்கு?" என்றான் பாவம்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். காய்ச்சல் வருவதற்கு முன்னால் அவள் மெஷினில் இருந்தபடியே எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். பேச்சு ஒன்றும் இருக்காது. விசில்தான். பின்னால் அன்னக்கொடியக்கா ஏசுகிற சத்தம், நீங்கள் சிரிக்கிற சத்தம். அன்றைக்குக் கேட்டதுதான். அப்புறம் தொடவே இல்லை. விரலைப் பக்கத்தில் கொண்டுபோவேன், எடுத்துவிடுவேன்.

அத்தை, அட்டையை எடுத்துவிடுங்கள். அங்கே அடிப்பது அவள் இல்லை. அவளுடைய விசில் என்னிடம் இருக்கிறது. நீங்கள் கேளுங்கள், உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன். இன்றைக்கே வேண்டுமா?

காசி


சமயநல்லூர்
19.3.2025

அன்புள்ள காசிக்கு,

இனி உன்னை நீங்கள் என்று எழுத எனக்கு வரவில்லை. என் அண்ணன் மகன், என் தோளில் தூங்கின பிள்ளை. கல்யாணம் ஆன அன்றிலிருந்து மாப்ள மாப்ள என்று மரியாதை பண்ணித் தள்ளி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அட்டையை எடுத்தாயிற்று. ஹரிஷ்குமார் ஏணி கொண்டுவந்தார். "நான் எடுக்கிறேன்க்கா" என்றார். விடவில்லை, நானே ஏறினேன். ஏணியைப் பிடித்தது யார் தெரியுமா? அன்னக்கொடி. அவள் பிடித்த பிடியில் ஏணியே ஆடியது. "அடியே, நீ பிடிக்கிறதுக்குப் பேயே பிடிக்கலாம்டீ" என்றேன். அம்புட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள்.

டேப்பை உரித்தேன். பாதி உரிக்கையில் விசில் கீச்சென்று ஏறியது. முழுக்க உரித்ததும் நின்றுபோனது. காற்று மட்டும் இறங்கியது. அவள் மெஷின் மேல் மூடியிருந்த துணி உப்பி எழுந்து, பிறகு அமர்ந்தது. நான் ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். முகத்தில் அந்தக் காற்று பட்டது. ஏணியடியில் அன்னக்கொடி அழுகிற சத்தம் கேட்டது. "என் வாயில புழுவு விழுக, எம் பிள்ளையைப் போயி பேயின்னுட்டனே" என்றாள். இறங்கி அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். அவளும் முனீஸ்வரியோடு சண்டை போட்டே வளர்த்தவள்தானே.

துணியெல்லாம் பிடுங்கியாயிற்று. நீ சொன்ன தகட்டைப் பாதி திருப்பி, கூலர் வேகத்தையும் குறைத்துவிட்டார்கள். முன்னால் இருப்பவர்களுக்குப் பிசிறு பறக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் வருகிறது, போன வாரம் மாதிரி இல்லை, இருந்தாலும் வருகிறது. கோடாங்கியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்காக வாங்கி வைத்த சேவல் ஷெட்டுக்குப் பின்னால் ராஜா மாதிரி திரிகிறது. குழம்பு வைக்கலாம் என்றாள் அன்னக்கொடி. நீ வருகிற வரைக்கும் உயிரோடு இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாசம் அந்த மெஷினுக்கு ஒரு பிள்ளை வருகிறதாம். வரட்டும். அதுவரைக்கும் அந்தச் சல்லடை திறந்தே இருக்கட்டும் என்று கேட்டேன். ஹரிஷ்குமார் சரி என்றார்.

இப்போது ஷெட்டில் மெஷின் சத்தம்தான். நேற்று முழுக்க எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை.

நீ கேட்டாயே, அனுப்பட்டுமா என்று. வேண்டாம் காசி. அதை ஒற்றையில் கேட்க உன்னால் ஆகவில்லை, என்னாலும் ஆகாது. அந்தக் கையெழுத்தைப் போடாதே. அன்னக்கொடியும் கேட்க வேண்டும் என்கிறாள், தன் ஏச்சு அதில் இருக்கிறது என்றதும் வெட்கப்படுகிறாள். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்போம். அழுதால் அழுவோம்.

அனுப்பிவிடாதே. கையோடு கொண்டு வா.

உன் அத்தை
மாயக்காள்