அக்காள் தேர் தம்பி திரையில் தோன்றாமை குறித்துக் கடைநீர் நாட்டுக்கு விடுத்த ஓலை

மலைமழை பிழையாத மேல்நீர் நாட்டை ஆளும் பெருங்கண்ணம்மை அரசியாரின் திருவுளப்படி, அவர்தம் முதலமைச்சர் குறும்பொறையார், கடைநீர் நாட்டின் கண்ணும் கவசமுமாய் விளங்கும் அமைச்சர் சோலைமலையார் திருமுன் விடுக்கும் ஓலை. எம் அரசியாரின் தம்பியும் தங்கள் அரசருமான அதியரையர் நலம் பெறுக. தங்கள் நாற்றங்கால்கள் பசுமை பெறுக. தங்கள் பாசறையில் சிக்னல் குன்றாதிருக்க.

தம்பிக்குத் தண்ணீர் தர மனமின்றி அரசியார் ஆட்டத்தைச் சூழ்ச்சியால் தடுத்தார் என்றும், இரண்டு கணினிகளைச் சேர்க்கத் தெரியாத அரண்மனைக்கு ஏரி எதற்கு என்றும் தாங்கள் எழுதிய ஓலையைக் குறும்பொறையார் இருமுறை படித்தார். இரண்டாம் முறை படித்தபின் மோர் கேட்டார்.

ஏரி மதகு திறக்குமுன் இரு நாட்டு அரசரும் எதிரெதிர் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடி, தம்மிடையே பகை இல்லை எனக் காட்டுவது முன்னோர் வழக்கு. அன்று தாயம், இன்று கணினியில் தேர்ப்பந்தயம். ஒருவர் பலகையை மற்றவர் தொடலாகாது என்பதால் அவரவர் கணினியில்தான் ஆடவேண்டும். ஆட்டம் முடியாமல் மதகு திறவாது. அங்கே கடைமடையில் நாற்று வாடுவதை எம்மவர் மறந்தாரல்லர்.

அன்று நேர்ந்ததைத் தாங்களும் கண்டீர்கள். இரு கணினிகளும் ஒரே கூடத்தில் இருந்தன. இரண்டிலும் வைஃபை நிறைந்திருந்தது. இருவரும் உலகச் செய்தியெல்லாம் பார்த்தனர். ஆயினும் அரசியார் திறந்த பந்தயக்களம் எதிரே இருந்த தம்பியின் திரையில் மட்டும் தோன்றவில்லை. அக்காளின் தேருக்கு அச்சு முறிந்ததோ என அரசர் வினவினார். தோற்குமுன்னரே வண்டியைத் திருப்பக் கற்றவன் தன் தம்பி என அரசியார் விடையிறுத்தார். ரவுட்டரைக் கோபுரத்தில் ஏற்றலாம் என்றார் படைத்தலைவர். அக்காளுடையது விண்டோஸ், தம்பியுடையது மேக், குலம் வேறானால் கொள்வினை கூடாது என்றார் சோதிடர். அந்த ஆட்டம் இரு வகைக் கணினிக்கும் என்றே செய்யப்பட்டது, இரண்டிலும் ஒரே பதிப்புதான் உள்ளது என்று குறும்பொறையார் சொன்னதை எவரும் செவிமடுத்திலர். ரவுட்டரை அணைத்து அணைத்து இயக்குவதிலேயே பொழுது போயிற்று. அரசர் சினந்து எழுந்து போனார்.

அவை கலைந்தபின் குறும்பொறையார் கோயில் அலுவலகத்திலிருந்து ஒரு மேக் கணினியை இரவல் பெற்று, தங்கள் அரசருக்கு இணைப்புக் கொடுத்தபடியே இதற்கும் கொடுக்கச் சொல்லிச் சோதித்தார். வலையில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் வீட்டுக் கதவிலக்கம்போல ஓர் எண் உண்டு. ஒரே தெருவில் இருப்பவற்றின் எண்கள் ஒன்றுபோலத் தொடங்கும். பந்தயக்களம் திறந்த கணினி தன் தெருவில் மட்டுமே கூவி அழைக்கும். பார்த்தால், அரசியார் கணினி, இரவல் மேக் இரண்டின் எண்களும் வெவ்வேறு தெருவைக் காட்டின. ஒரே கூடம், ஒரே ரவுட்டர், இரண்டு தெரு.

விருந்தோம்பல் அதிகாரி பூவிலையாரை அழைத்து வினவியபோது, அவர் பெருமிதத்தோடு, விருந்தினருக்குத் தனி வாயிலும் தனிக் கிணறும் தருவது நம் மரபாதலின், அரசருக்கும் ‘விருந்தினர்’ என்னும் தனி வைஃபையையே கொடுத்ததாகவும், அடுக்களைக் கணக்கர் புழங்கும் ‘அகம்’ வலையில் ஒரு வேந்தரைச் சேர்ப்பது இழுக்கென்றும் கூறினார். குறும்பொறையார் தலையில் கை வைத்துக்கொண்டார். விருந்தினர் வலை உலகைக் காட்டும், வீட்டைக் காட்டாது. வந்தவர் கணினி வீட்டார் கணினியை எட்டிப்பார்க்காதிருக்கவே அது படைக்கப்பட்டது. சூழ்ச்சி எதுவுமில்லை, ஐயா. உபசாரம் மிஞ்சிப் போயிற்று.

மேக்கை அகம் வலைக்கு மாற்றியும் தேர் தோன்றவில்லை. ஆராய்ந்ததில், அரசியாரின் கணினி தன் வீட்டையே பொது இடமென எண்ணி, ஃபயர்வால் என்னும் காவற்சுவரை அடைத்திருந்தது. ஆட்டத்தை உள்ளே விடலாமா என அது முன்பு கேட்டபோது, முன்னறிவிப்பின்றி வருவோர் எவரையும் மறுத்தே பழகிய அந்தப்புரக் காவலம்மை ‘வேண்டாம்’ என அழுத்தியிருந்தார். இரண்டையும் குறும்பொறையார் திருத்தினார். அக்கணமே, இரவல் மேக்குடன் வந்திருந்த கோயில் கணக்கர் திரையில் தேர் தோன்றியது. முதலமைச்சர் அவரிடம் தோற்றார் என்பதையும் மறையாது எழுதுகிறோம்.

ஆதலின், மதகு முத்திரை பொறித்து அரசியார் விடுக்கும் ஆணை: அதியரையர் இன்றே தம் கணினியுடன் எழுந்தருள்க. இரு கணினிகளையும் ‘அகம்’ என்னும் ஒரே வைஃபையில் சேர்க்க. அரசியார் விண்டோஸில் அவ்வலை ‘தனிப்பட்டது’ எனவும், காவற்சுவரில் ஆட்டத்துக்கு அனுமதி எனவும் திருத்தியபடியே இருக்க. அரசர் மேக்கும் ஆட்டத்தை உள்ளே விடலாமா எனக் கேட்குமாயின் ‘அனுமதி’ என அழுத்துக. பின்னர் அரசியார் களம் திறக்க, அரசர் அதில் சேர்க. தேர் தோன்றும், ஆட்டம் முடிந்ததும் மதகு திறக்கும்.