சூரியநெல்லி இறக்கத்தில் நடந்தது

ராயப்பன்பட்டி,
ஜனவரி 8.

அன்பு மகள் அனிதா மேரிக்கு,

ஆண்டவர் கிருபையில் அப்பாவும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், ராஞ்சிக் குளிரில் நீ இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறோம். கிறிஸ்துமசுக்கு நீ போட்ட கடிதம் புது வருசம் பிறந்த பிறகுதான் வந்தது, அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, சர்க்கரை மாத்திரையை ஒரு நாள் போட்டால் மறுநாள் மறந்துவிடுகிறாள். இந்தப் பனிக்குத் திராட்சையில் சாம்பல் நோய் விழுந்துவிட்டது, கொத்துகள் சிறுத்துப் போயின. கடிதத்தில் அண்ணன் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை, என்மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். கோபமெல்லாம் இல்லை ஆத்தா. இங்கே ஒரு பெரிய சங்கடம் நடந்துவிட்டது. மடத்தில் இந்த நவசந்நியாசப் பயிற்சி வருசத்தில் உனக்குப் போனும் கிடையாது, வீட்டுக்கு வரவும் விடமாட்டார்கள், தெரிந்தால் நீ அங்கே தனியாகக் கிடந்து அழுவாய் என்று அம்மா சொல்ல விடவில்லை. இனியும் மறைத்தால் நன்றாக இருக்காது என்று டிசம்பரிலேயே உங்கள் மடத்து மதருக்கு எழுதிக் கேட்டிருந்தேன், சொல்லிவிடுங்கள் என்று இப்போதுதான் பதில் வந்தது. உட்கார்ந்து படி. உன் அண்ணன் உயிரோடுதான் இருக்கிறான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரவீன் எர்ணாகுளத்துக் கம்பெனி ஒன்றில் மலைச் சைக்கிள் கைடாகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். கம்பம்மெட்டு ஏறி, ராமக்கல்மேடு, சதுரங்கப்பாறை, சூரியநெல்லி, கொழுக்குமலை எல்லாம் பார்த்துவிட்டு போடிமெட்டு வழியாகப் போடியில் இறங்குகிற நாலு நாள் பயணம். அவன் முன்னால் சைக்கிளில் வழி காட்டிப் போவான், நான் பின்னால் ஜீப்பில் பை, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவேன், மிதிக்க முடியாதவர்களையும் ஏற்றிக்கொள்வேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்பில் அப்பனும் மகனுமாக ஒரே வேலைக்குப் போகிறோம் என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தீபாவளி கழிந்து ஒரு குழு வந்தது. பெங்களூர்ப் பிள்ளைகள் நாலு பேர், அப்புறம் நம் பழனிசெட்டிபட்டியிலிருந்து விஜயபாண்டி என்று ஒருவர், அவர் மனைவி ஹேமாவதி. விஜயபாண்டி சென்னையில் பேங்க் வேலை, கல்யாணமாகி இரண்டு வருசம்தான். நல்ல கலகலப்பான மனிதர், மேட்டில் மூச்சு வாங்கும்போதுகூடப் பாட்டுப் பாடுவார். நான் நம் ஊர்ப்பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் ஹேமாவதி முதல் நாளே என்னை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் கொழுக்குமலை ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது, எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவு மஞ்சு. ஹேமாவதிக்கு முழங்கால் வலி எடுத்ததால் இறக்கத்துக்கு ஜீப்பில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள். மழை விட்டதும் கம்பெனி மேனேஜர் போனில் பிரவீனைப் பிடித்துக்கொண்டார், லாட்ஜில் அடுத்த ஆட்கள் வருகிறார்கள், உடனே இறங்கு, உடனே இறங்கு என்று ஒரே விரட்டல். அந்தத் தோட்டத்துப் பாதை உனக்குத் தெரியாது, தார் கிடையாது, வெறும் கல், ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. அப்போது விஜயபாண்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, தம்பி, பின் பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வருது, பிடிக்கவே மாட்டேங்குது என்றார். நான் ஜீப்பில் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன், என் காதில் தெளிவாக விழுந்தது. கீழ போயி பாத்துருவோம் சார், அதுவரைக்கும் முன் பிரேக்க மெதுவாத் தொட்டுக்கிட்டு என் பின்னாலயே வாங்க என்று பிரவீன் சொன்னான். அவ்வளவுதான் நடந்தது ஆத்தா. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவன் உடனே குனிந்து பார்ப்பவன்தான். பெங்களூர்ப் பிள்ளைகள் தூரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு இது தெரியாது.

அவர்கள் முன்னால் போக, நானும் ஹேமாவதியும் பின்னால் ஜீப்பில் இறங்கினோம். எத்தனை பிள்ளைகள் அப்பா என்று கேட்டாள். உன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன், மகள் கன்னியாஸ்திரீ ஆகப் போகிறாள் என்று. எப்புடிப்பா அனுப்ப மனசு வந்துச்சு என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் ஒரு வளைவு திரும்பினோம், அங்கே சைக்கிள்களைக் கீழே போட்டுவிட்டு அந்த நாலு பேரும் சரிவைப் பார்த்து நின்றார்கள். பின் பிரேக் பிடிக்காமல் வேகம் கூடவும் விஜயபாண்டி பயந்து முன் பிரேக்கை இறுக்கிவிட்டார், முன் சக்கரம் அப்படியே நின்று ஆளைத் தூக்கிச் சரிவில் எறிந்துவிட்டது. ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. கழுத்து பாறையில் போய் மோதியிருக்கிறது. பிரவீன் கீழே தேயிலைச் செடிக்குள் அவரை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா ஜீப்பத் திருப்புங்க, ஜீப்பத் திருப்புங்க என்று கத்தினான். ஜீப் கீழே பார்க்கத்தான் நின்றது, திருப்ப என்ன இருக்கிறது, அவனுக்கு என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை. பின் சீட்டில் போட்டுக் கொண்டுபோனோம். ஹேமாவதி அவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் கல்ரோட்டில் வேகமாகவும் போக முடியவில்லை, மெதுவாகவும் போக முடியவில்லை. சூரியநெல்லி வருவதற்குள் முடிந்துவிட்டது. அது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை, கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் மேனேஜர் ஓடி வந்தார். சாரமில்ல சேட்டா, கைடை முந்திட்டு ஸ்பீடா போயி விழுந்துன்னு பறஞ்சா மதி என்றார். பரவாயில்லை, அப்படிச் சொன்னால் போதும் என்கிறார். ஒரு உயிர் போனதற்குப் பரவாயில்லையாம். ஆனால் நான் சண்டை போடவில்லை அனிதா. பிரவீனைத் தனியே கூட்டிப்போய், ஏலே, வாய மூடிக்கிட்டு இருந்துரு, போனவரு வரப்போறதில்ல, நீயாவது எங்களுக்கு மிஞ்சு என்று நான்தான் சொன்னேன். அவன் போலீஸ் ஸ்டேஷனில் மேனேஜர் சொன்னபடியே சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு அவன் மனிதனாக இல்லை. சோறு இறங்கவில்லை. பூசைக்கு வந்தால் கோயிலின் கடைசியில் நிற்பான், நற்கருணை வாங்க வரமாட்டான். அம்மா கேட்டுக் கேட்டு அழுதாள், அவளிடம்கூட நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அப்பா, ஜீப்ப எடுங்க, பழனிசெட்டிபட்டி போகணும் என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் மாலை போட்ட படத்துக்குக் கீழே விளக்கு எரிந்தது. விஜயபாண்டியின் அப்பா கர்ணன், அங்கே பாத்திரக்கடை வைத்திருப்பவர், வாங்க என்று நாற்காலி போட்டார். எங்களைத் துக்கம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். பிரவீன் உட்காரவில்லை. ஐயா, அவரு என்னைய முந்திப் போகல, பின் பிரேக் பிடிக்கலன்னு எங்கிட்டச் சொன்னாரு, நான் பாக்காம இறங்கச் சொல்லிட்டேன், எம் பின்னாலயேதான் வந்தாரு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். உள்ளே விஜயபாண்டியின் அம்மா ஓலமிட்டு அழுகிற சத்தம் கேட்டது. ஹேமாவதி வெளியே வந்தாள். அவனைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்து, நீங்களும் கேட்டீகளா என்று கேட்டாள். கேட்டேன்மா என்றேன். கேட்டுட்டுத்தான் எங்கிட்ட ஒங்க மகளப் பத்திப் பேசிக்கிட்டே வந்தீகளா என்றாள். இனி இங்கன வராதீக என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். என்னை அவள் அப்பா என்று கூப்பிடவில்லை.

வாசல் வரைக்கும் கர்ணன் பின்னாலேயே வந்தார். அடிக்க வருகிறாரோ என்று நான் மகனுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னை விலக்கிவிட்டு, இத ஸ்டேஷன்லயும் சொல்லுவியா, இல்ல எங்க வாசலோட சரியா என்று கேட்டார். சொல்றேன்யா என்றான். மறுநாளே மலையேறி அதே ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டான். மேனேஜர் விரட்டியதையும் சேர்த்துச் சொல்லுடா என்று வழியெல்லாம் கெஞ்சினேன். அவரு போன்லதான இருந்தாரு, பிரேக்கப் பாக்க வேண்டியது நாந்தான என்றான். இப்போது கம்பெனி எல்லாப் பழியையும் அவன் தலையில் வைத்து வேலையை விட்டு நீக்கிவிட்டது. கேஸ் அவன் பெயரில்தான் நடக்கிறது. முதலில் பொய் சொன்னதற்கும் சேர்த்துக் கேட்பார்கள், ஜெயில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் வக்கீல். ஊரில் பாதிப்பேர் அவனைக் கொலைகாரன் மாதிரிப் பார்க்கிறார்கள், மீதிப்பேர் முட்டாள் என்கிறார்கள். ஆனால் ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அன்று அம்மா போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், சாப்பிட்டுவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்படித் தூங்கினான், அம்மா ஈ விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது காலையில் எழுந்து திராட்சைக்கு மருந்தடிக்கப் போகிறான். சைக்கிளைத் தொடுவதில்லை. நான் பழையபடி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறேன், கம்பம்மெட்டுப் பக்கம் மட்டும், சூரியநெல்லிப் பக்கம் என்னால் போக முடியவில்லை.

பிப்ரவரியில் கேஸ் கூப்பிடுவார்கள். விடுதலை கிடைக்க ஜெபிக்கும்படி உனக்கு எழுத வேண்டாம் என்று பிரவீன் சொல்லிவிட்டான், அந்தப் பொண்ணுக்காக ஜெபிக்கச் சொல்லுங்க, எனக்கு வேணாம் என்றான். அதனால் ஹேமாவதிக்காகவும் அந்தப் பெற்றவர்களுக்காகவும் மறக்காமல் ஜெபித்துக்கொள். உன் அம்மா நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, அவன் கெடக்கான், எம்புள்ளைக்கு விடுதலை கெடைக்கணும்னு வேண்டிக்கச் சொல்லி எழுதுங்க என்கிறாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

உன் பாதையில் தேவமாதா துணை நிற்கட்டும், உன் தலையில் எங்கள் இருவர் கையும் இருக்கிறது என்று நினைத்துக்கொள். கம்பளிக் காலுறை போடாமல் கோயிலில் முழங்கால் போடாதே. பதில் எழுதும்போது எங்களுக்கு எழுதுவதோடு நிறுத்தாமல் அண்ணன் பெயர் போட்டுத் தனியாக ஒன்று எழுது. எங்கள் பெயருக்கு வருவதை அவன் எடுத்துப் படிப்பதில்லை.

உன் அன்பு அப்பா,
பங்கிராஸ்.
அம்மா மதலேனாளின் முத்தங்கள்.