அந்தோணியின் பழைய அடி

1946, மாசி 12.

கருப்பட்டி வியாபாரத்தோடு நான் நடத்தும் பேண்டு செட்டு, ஒரே ஆட்டத்தோடு ஊர் ஊராக மேடையேறத் தொடங்கி ஒன்பது வருஷம். இன்று திரேஸ்புரத்தில், டிரம் அடிக்கும் அந்தோணி வேடிக்கைக்காகக் குச்சியைத் தவறவிடுமுன்பே, "இப்பம் குச்சியப் போடுவான் பாருலே" என்றான் ஒருவன். கூட்டம் அதற்குத்தான் சிரித்தது.

ஆட்டம் முடிந்ததும் அந்தோணி வந்தான். "கொழும்புக்குப் போறேன் அண்ணாச்சி. என் கை தூங்கிக்கிட்டே அடிக்கு."

புதிதாக நாலு அடி சேர்க்கலாம் என்று மூன்று வருஷமாகக் கேட்டவன். "கருப்பட்டியெல்லாம் ஒரே சிரட்டையிலதான ஊத்துதோம், எவன்ல குறை சொன்னான்?" என்று வாயை அடைத்தது நான்தான். மேளத்தையும் சரக்காகவே பார்த்துவிட்டேன்.

இரு, உன் இஷ்டப்படி அடி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால், "காயல்பட்டணத்து ஆட்டம் வரைக்குமாவது இருப்பியாலே?" என்றுதான் வந்தது.

"இருக்கேன் அண்ணாச்சி. பழைய அடிதான?" என்றான்.