நசிந்த குற்றி

இணுவில்.

அன்புள்ள மகன் சிவதர்ஷனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் நல்லாயிருக்கிறோம், நீயும் பிரசாந்தியும் பிள்ளையும் அந்தக் குளிரில் ஒரு வருத்தமும் வராமல் இருக்கவேணும் என்று கந்தனுக்கு நேர்ந்துகொண்டே இருக்கிறேன். போனில் நீ கேட்கும் முன்னமே அப்பா எல்லாம் சுகம் என்று சொல்லிவிடுகிறார், பக்கத்தில் நிற்கிற எனக்கு வேறு என்ன சொல்ல முடியும், அதனால்தான் இதை எழுதி, விடுமுறைக்கு வந்து திரும்புகிற சுன்னாகத்துப் பிரதீபாவிடம் கொடுத்துவிடுகிறேன். நீ பயப்படவேணும் என்று எழுதவில்லை, ஆனால் பயந்துதான் எழுதுகிறேன்.

சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிய மிச்சத்தில் அப்பாவுக்கு ஒரு பழைய மஞ்சள் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி வந்ததையும், அதில் ஐந்துக்கு மேலே இன்னோர் ஐந்து விழுந்திருந்ததையும் போனில் உனக்குக் காட்டினோம் அல்லவா. நீ சந்தோசத்தில் அதைப் படம் பிடித்து, அரசாங்கம் அடிக்கும்போது பிழையாகிப்போன அபூர்வக் குற்றி என்று எழுதி, அப்பாவின் பேரையும் ஊரையும் சேர்த்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டாய். அடுத்த நாளே தெரியாத ஆட்கள் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் அப்பாவுக்கும் புளுகமும் பெருமையும்தான், தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்துகிற வேலையைப் போட்டுவிட்டு அதைத் துணியில் சுற்றிக்கொண்டு அளவெட்டிச் சிவரூபனிடம் போவோம் என்றார். சிவரூபன் வங்கியில் இருந்த காலம் தொட்டுக் குற்றி சேர்க்கிறவன், உனக்கும் தெரியும். அவன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கவே இல்லை. "உது அடிக்கேக்கை வந்த பிழை இல்லை அக்கா, பிறகு ஆரோ நசிச்சிருக்கினம்" என்றான். அச்சு இரண்டு தரம் விழுந்திருந்தால் இரண்டாவது ஐந்தும் முதல் ஐந்தைப் போல மேலே எழும்பி நேராக நிற்குமாம். இதில் அது பள்ளமாக, முகம் பார்க்கிற கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திரும்பி இருந்தது, அதன் கீழே இருந்த பழைய எழுத்துகள் சப்பளிந்து போயிருந்தன. இன்னொரு குற்றியை முகத்தோடு முகம் வைத்து, அப்பாவின் வேலைக் கொட்டிலில் இருக்கிற மாதிரி ஓர் இரும்பு இடுக்கியில், வைஸில், இறுக்கினால் இப்படித்தான் வருமாம். அச்சில் ஒரு குற்றி ஒட்டிக்கொண்டு அடுத்ததில் பள்ளமாகப் பதிகிற உண்மையான பிழையும் உண்டாம், ஆனால் அப்போது அந்தப் பக்கம் முழுக்கத் திரும்பிய படமே தெளிவாக இருக்கும், கீழே பழைய எழுத்து இராது, பின்பக்கத்தில் இதில் இருந்ததைப் போல இரும்புப் பல்லின் தடமும் இராது என்றான். அப்பா அதைத் திரும்பவும் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அழைக்கிற எல்லோரிடமும் அது பழுதான குற்றி என்று அப்பா சொன்னார், சொல்லச் சொல்ல அவர்களுக்கு ஆசை கூடியதே தவிர ஒருவரும் நம்பவில்லை. ஒருவன், ஐயா வீட்டில் நீங்கள் இரண்டு பேர்தானே என்று கேட்டுவிட்டு வைத்தான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வரும்போது கொட்டில் கதவு திறந்திருந்தது, அப்பா ஆணி போட்டு வைக்கிற தகரப் பேணிகள் எல்லாம் நிலத்தில் கொட்டுப்பட்டுக் கிடந்தன, வீட்டுக்குள்ளே சாமிப் படங்களைக் கூடக் கழற்றிப் பின்னால் பார்த்திருந்தார்கள். குற்றி அப்பாவின் மடியில் இருந்தது, ஒன்றும் களவு போகவில்லை, ஒன்றும் போகாதபடியால் பொலிசில் என்ன சொல்லுவது என்று அப்பா போகவில்லை. களவு போயிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் மகன், எடுக்காமல் போனவன் திரும்பி வருவான் அல்லவா.

வந்தார்கள். போன ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் மரியாதையாகத்தான் கதைத்தான், மற்றவன் வாசல் படலையைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றான். அப்பா மறுபேச்சில்லாமல் குற்றியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, "அசலை ஒளிச்சு வைச்சுக்கொண்டு உதைக் காட்டுறியளோ?" என்றான். இதுதான் அது, உங்கள் போனில் இருக்கிற படத்தை வைத்துப் பாருங்கள் என்றேன், படத்திலும் ஐந்து திரும்பித்தானே இருக்கிறது என்றேன். அவன் பார்த்தான், நம்பினானோ தெரியாது. வாருங்கள், இன்னொன்று செய்து காட்டுகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது, எங்கிருந்து வந்ததோ. கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அப்பா பேணியில் கிடந்த இரண்டு மஞ்சள் குற்றிகளை எடுத்தார், வைஸில் வைக்கப் போக இரண்டும் கீழே விழுந்தன. நான்தான் பொறுக்கி, ஐந்தும் ஐந்தும் பார்க்க வைஸில் வைத்து, பிடியில் குழாயை மாட்டித் தொங்கி இறுக்கினேன். எடுத்தபோது அதே திரும்பிய பள்ள ஐந்து, பின்பக்கம் அதே பல்லின் தடம். மற்றவனும் கிட்ட வந்து பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றினான், உன்னைவிடச் சின்னவன்.

மரியாதையாகக் கதைத்தவன் பழையதை மேசையில் வைத்துவிட்டு, நான் செய்த குற்றியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினான். போகட்டும் என்று அப்பா கண்ணால் காட்டினார். எனக்கு விட மனம் வரவில்லை. "தம்பி, உதை வைச்சிட்டுப் போங்கோ. நீங்கள் கொண்டுபோய் அசலெண்டு வித்தால் நாளைக்கு இன்னொரு வீட்டிலை ஆரோ எங்களை மாதிரிப் பயந்துகொண்டு இருப்பினம்" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு, இதோ அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு அதை எடுத்து மேசையில் போட்டுவிட்டு நடந்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்தில் அடங்கிய பிறகு அப்பா அரத்தை எடுத்து மூன்று குற்றியையும் முகம் தெரியாமல் அராவினார். அராவி முடிந்தும் கையை நிறுத்தவில்லை, நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

அழைப்புகள் இப்போது குறைவு. ஆனாலும் நேற்றும் ஒருவன் படலையடியில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போனான், வழிப்போக்கனாகவும் இருக்கலாம். நீ அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடு, வீட்டையோ எங்களையோ இனிமேல் ஒன்றிலும் போடாதே. உன்னில் கோபம் இல்லை, சந்தோசத்தில் செய்தாய். இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டு அவரை வெட்கப்படுத்தாதே, அவர் முன்னைப் போல் சத்தமாகக் கதைப்பதில்லை. வெறுங்காலோடு பனியில் நிற்காதே, பிள்ளைக்குக் காதை மூடிக் கட்டச் சொல்லு.

மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, குறையில்லாமல் இருக்கக் கந்தன் காவல்.

கடைசியாக ஒன்று மகன், மறந்துவிடாதே. தைப்பொங்கலுக்கு வந்தால் முன்னைப் போல எங்களைத் திகைக்க வைக்கவென்று சொல்லாமல் வராதே, சந்தியில் இறங்கியதும் போன் எடுத்துப் பேரைச் சொல்லு. அப்பா கதவு மூலையில் நிலம் கிண்டுகிற இரும்பு அலவாங்கை வைத்திருக்கிறார். படலை கிறீச்சிட்டால் பிள்ளை வந்திட்டான் என்ற எண்ணம் எங்களுக்கு இப்போது முதலில் வருவதில்லை.

உன் அம்மா,
அருமைநாயகி கனகசபாபதி