பழைய கம்ப்யூட்டருக்குப் புது புராசசர்

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். முழங்கால் வலி தேவலையா?

வீடியோவில் உங்கள் படம் வெட்டி வெட்டி ஆடுவதைப் பார்த்து இருப்புக்கொள்ளாமல், என் பழைய கம்ப்யூட்டரில் புராசசரை மாற்றிவிட்டேன். “பேஸ்ட் தடவாம ஃபேனை மாட்டிடாதீங்க, சூடாயிடும்” என்றார் கடைக்காரர். அறைத்தோழன் ஓடிப்போய்ப் பல் தேய்க்கிற பேஸ்ட்டை எடுத்து வந்தான்! “டேய், அதுக்கு வேற பேஸ்ட்டுடா” என்பதற்குள் பாதியைப் பிதுக்கிவிட்டான். துடைத்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நேற்று நாம் பேசும்போது படம் தெளிவாக ஓடியது. பின்னால் கடிகார முள்கூடத் தடங்கலில்லாமல் நகர்ந்தது. டம்ளர் பிடித்திருந்த உங்கள் கை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. இத்தனை நாளும் அதையும் கம்ப்யூட்டர் கோளாறு என்றே நினைத்திருந்தேன்.

போனில் கேட்டால் “ஒண்ணுமில்லப்பா” என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். அக்காவோடு டாக்டரிடம் போய் வாருங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அடுத்த முறை பேசும்போது கையை மேஜைக்கடியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகன்